எஞ்சின் புதுசு, ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் பழசு: பேலன்ஸ் தவறாமல் மாட்டும் வழி

அமெரிக்காவில் பழைய ஷெவ்ரலே பிக்கப் வாங்கி வார இறுதியில் அதோடு மல்லுக்கட்டும் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒருநாள் இந்த நிலை வரும்: எஞ்சின் ஆயில் குடிக்கிறது, கம்ப்ரெஷன் போய்விட்டது, ஆனால் பின்னால் இருக்கும் டர்போ 350 என்ற ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் நன்றாக ஓடுகிறது. எஞ்சினை மட்டும் மாற்றிவிடலாம் என்று முடிவெடுப்பீர்கள். முடிவு சரிதான். செலவும் குறைவு.

எனக்கு எஞ்சின் விற்றவர், "350 எஞ்சின்தான், உங்களிடம் இருப்பதை அப்படியே எடுத்து மாட்டலாம்" என்றார். (எஞ்சினுக்குச் சொல்லும் 350, 400 போன்ற எண்கள் கன அங்குலத்தில் அதன் கொள்ளளவு. கியர்பாக்ஸ் பெயரில் இருக்கும் 350 அது அல்ல.) எல்லா போல்ட்டும் அழகாக உட்கார்ந்தன. ஐட்லிங்கில் ஒன்றும் தெரியவில்லை. நிமிடத்துக்கு 2000 சுற்றைத் தாண்டியதும் பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரிந்தது, ஸ்டீயரிங் கையில் சிலிர்த்தது. கியர்பாக்ஸை மறுபடி இறக்கி, ஆயில் பேனைக் கழற்றிப் பார்த்தபோதுதான் உள்ளே இருந்தது 350-இன் கிராங்க் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) அல்ல, 400-இன் கிராங்க் என்று தெரிந்தது. அந்த இரண்டாவது வேலையும் செலவும் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஷெவ்ரலே ஸ்மால் பிளாக் (சிறிய வகை வி8) எஞ்சினும் டர்போ 350 கியர்பாக்ஸும்தான் இங்கே எடுத்துக்கொண்ட உதாரணம். ஃபோர்டு, டாட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு நடுவில் ஒரு பகுதி இருக்கிறது.

1. கிராங்க் எந்த வகை என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

பிஸ்டனும் கனெக்டிங் ராடும் கொடுக்கும் எடையை ஈடுகட்ட கிராங்க்ஷாஃப்ட்டில் எதிர் எடைகள் இருக்கும். சில எஞ்சின்களில் அந்த ஈடு முழுவதும் கிராங்குக்குள்ளேயே முடிந்துவிடும். சிலவற்றில் உள்ளே இடம் போதாமல் கொஞ்சத்தை வெளியே வைத்திருப்பார்கள்: முன்னால் புல்லிக்குப் பின்னே இருக்கும் டேம்பரிலும் (அதிர்வை அடக்கும் வளையம்), பின்னால் கன்வர்ட்டரைத் தாங்கும் பல் வைத்த தகடான ஃப்ளெக்ஸ்பிளேட்டிலும். கன்வர்ட்டர் என்பது எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாக ஆட்டோமேடிக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம். ஸ்மால் பிளாக்கில் நீங்கள் சந்திக்கப்போவது மூன்று வகை.

முதல் வகை, 1985 வரை வந்த 283, 305, 327, 350 போன்றவை. பின்பக்க ஆயில் சீல் இரண்டு துண்டாக இருக்கும். எல்லா ஈடும் உள்ளேயே. டேம்பரிலும் ஃப்ளெக்ஸ்பிளேட்டிலும் தனி எடை கிடையாது.

இரண்டாவது வகை, 1970 முதல் 1980 வரை வந்த 400. இதற்கும் சீல் இரண்டு துண்டுதான். ஆனால் முன்னும் பின்னும் வெளியே எடை வேண்டும். 350 பிளாக்கில் (எஞ்சினின் உடல்) 400 கிராங்கைப் போட்டுக் கட்டும் 383 எஞ்சின்களும் பெரும்பாலும் இந்த வகைதான்.

மூன்றாவது வகை, 1986 முதல் வந்த 305, 350. பின் சீல் ஒரே வளையம். அந்தச் சீலுக்காக கிராங்கின் பின் விளிம்பை முழு வட்டமாக்கியதால், முன்பு அந்த விளிம்பிலேயே ஒரு பக்கமாக இருந்த எடை ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்குப் போய்விட்டது. முன் டேம்பரில் எடை இல்லை, பின்னால் மட்டும் உண்டு.

சரி, இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பிளாக்கின் பின்பக்கம், ஓட்டுநர் பக்கத்து ஹெட்டுக்குப் பின்னால் வார்ப்பு எண் இருக்கும். 3970010 என்றால் பெரும்பாலும் பழைய 350. 10243880 என்றால் 1996 முதல் வந்த வோர்டெக் 350. ஆனால் அந்த எண் பிளாக்கைப் பற்றி மட்டும்தான் பேசும். உள்ளே யார் எந்தக் கிராங்கைப் போட்டார்கள் என்று அது சொல்லாது. நாற்பது ஐம்பது வருடம் பல கை மாறிய எஞ்சின்கள் இவை. எண்ணைப் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள்.

பின்பக்கம் போய் சீலைப் பாருங்கள். ஃப்ளெக்ஸ்பிளேட் கழன்றிருந்தால், கிராங்க் விளிம்பில் எதிரெதிர் போல்ட் துளைகளின் மையங்களுக்கு இடையே அளவுகோலை வையுங்கள். 3.58 அங்குலம் வந்தால் இரண்டு துண்டு சீல் காலத்துக் கிராங்க். 3 அங்குலம் வந்தால் 1986 முதல் வந்தது. பின்பு முன் டேம்பரின் பின்பக்கத்தை ஒரு சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பாருங்கள். வட்டம் முழுவதும் ஒரே மாதிரி இருந்தால் எடையில்லாதது. ஒரு பக்கம் மட்டும் பிறை போலத் தடித்து, எதிர்ப்பக்கம் வெட்டுப்பட்டிருந்தால் அது 400 வகை. அப்படியானால் பின்னாலும் எடை வேண்டும்.

இங்கேதான் பெரிய பொறி இருக்கிறது. முதல் வகைக்கும் இரண்டாவது வகைக்கும் போல்ட் வட்டம் ஒன்றே, 3.58 அங்குலம். 400 கிராங்கில் 350-இன் எடையில்லாத ஃப்ளெக்ஸ்பிளேட் எந்த மறுப்பும் இல்லாமல் உட்காரும். மாட்ட முடிகிறது என்பது பொருந்துகிறது என்பதற்குச் சாட்சி அல்ல. சந்தேகம் இருந்தால் எஞ்சினை ஸ்டாண்டில் கவிழ்த்து ஆயில் பேனைத் திறந்து, கிராங்கில் இருக்கும் வார்ப்பு எண்ணைப் படித்துவிடுங்கள். ஒரு கேஸ்கெட் செலவோடு முடிந்துவிடும்.

2. எடை எஞ்சினுக்கு, அளவு கியர்பாக்ஸுக்கு

ஃப்ளெக்ஸ்பிளேட் வாங்கும்போது மனதில் வைக்க வேண்டியது இது ஒன்றுதான். அதில் எடை இருக்க வேண்டுமா, எவ்வளவு என்பதைக் கிராங்க் தீர்மானிக்கிறது. பல் எத்தனை, கன்வர்ட்டர் போல்ட் எங்கே என்பதை உங்கள் பழைய கியர்பாக்ஸும் கன்வர்ட்டரும் ஸ்டார்ட்டரும் தீர்மானிக்கின்றன. இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

பல் எண்ணிக்கை 153 அல்லது 168. முதலாவது 12¾ அங்குல விட்டம், இரண்டாவது 14 அங்குலம். 168 பல் தகடு சின்ன பெல் ஹவுசிங்குக்குள் (கன்வர்ட்டரை மூடியிருக்கும் கியர்பாக்ஸின் முன்கூடு) நுழையாது. ஸ்டார்ட்டரின் இரண்டு போல்ட்டும் ஒரே நேர்க்கோட்டில் இருந்தால் 153 பல்லுக்கானது. ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகச் சாய்வாக இருந்தால் 168 பல்லுக்கானது. பல்லை மாற்றினால் ஸ்டார்ட்டரையும் மாற்ற வேண்டும். பழைய தகட்டில் இருக்கும் பல் எண்ணிக்கையையே புதிதிலும் வாங்குவது நல்லது. பற்களை எண்ணும்போது ஒரு பல்லில் சாக்பீஸ் கோடு போட்டுத் தொடங்குங்கள்.

கன்வர்ட்டர் போல்ட் வட்டம் 10¾ அல்லது 11½ அங்குலம். பல தகடுகளில் இரண்டுக்கும் துளை இருக்கும், ஆனாலும் அளந்துவிடுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கன்வர்ட்டர்கள் தம்மளவில் பேலன்ஸ் ஆனவை, எந்த வகை எஞ்சினோடும் சேரும். அதனால் பழைய கன்வர்ட்டரையே வைத்துக்கொள்ளலாம்.

எடையுள்ள தகட்டைக் கையில் எடுத்தாலே தெரியும்: ஓரத்தில் ஒரு இரும்புப் பட்டை வெல்டிங் செய்திருக்கும். பழைய தகட்டில் சின்னச் சின்னத் துளைகளோ, பின்னர் ஒட்டவைத்த எடைத்துண்டுகளோ இருந்தால் அதை யாரோ குறிப்பிட்ட ஓர் எஞ்சினோடு சேர்த்து பேலன்ஸ் செய்திருக்கலாம். அந்த எஞ்சின் உங்களிடம் இல்லையென்றால் அந்தத் தகட்டை நம்பாதீர்கள்.

ஒரு துண்டு சீல் உள்ள 383 வாங்குபவர்கள் விளம்பரத்தை இரண்டு முறை படிக்கவும். "இன்டர்னல் பேலன்ஸ்" என்று போட்டிருப்பார்கள். முன் டேம்பர் எடையில்லாதது என்பதுதான் அதற்கு அர்த்தம். பின்னால் 1986 முதல் வந்த வகை எடையுள்ள தகடு பெரும்பாலும் வேண்டியிருக்கும். விற்பவரிடம், "முன்னால் என்ன, பின்னால் என்ன?" என்று தனித்தனியாகக் கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

விலை பற்றி: நான் விசாரித்த கடைகளில் சாதாரணத் தகடு அப்போது ஏறத்தாழ 50 முதல் 100 டாலராக இருந்தது. பந்தயத் தரச் சான்று உள்ளது அதற்கு மேல். ஸ்டார்ட்டர் மாற்ற வேண்டியிருந்தால் இன்னொரு நூறு டாலரை ஒதுக்கி வையுங்கள்.

3. ஃபோர்டும் டாட்ஜும்

ஃபோர்டு 302-இல் ஆபத்து இன்னும் அதிகம். பழைய 302-க்கு 28 அவுன்ஸ்-அங்குல எடை (எடையை மையத்திலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கிய அளவு). 1980களின் தொடக்கத்தில் அதை 50 ஆக்கினார்கள். 351 விண்ட்ஸரில் கடைசிவரை 28-தான். தகடுகள் ஒன்றுக்கொன்று மாட்டும். 50 வகைத் தகட்டை 28 எஞ்சினில் போட்டால் 22 அவுன்ஸ்-அங்குலம் அதிகம். 3000 சுற்றில் அது கிராங்கின் பின்முனையை ஏறத்தாழ 160 கிலோ எடைக்குச் சமமான விசையோடு ஒவ்வொரு சுற்றிலும் இழுக்கும். விசை சுற்றின் வர்க்கத்தில் ஏறுவதால் 6000 சுற்றில் அதுவே நான்கு மடங்கு. டேம்பரும் தகடும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும், அதுவும் கிராங்கின் எண்ணாக இருக்க வேண்டும்.

டாட்ஜ், பிளிமத் ஆட்கள் கன்வர்ட்டரையே பார்க்க வேண்டும். 318-ஐ எடுத்துவிட்டு 360 போடுவது வழக்கமான மாற்றம். 318 உள்ளேயே பேலன்ஸ் ஆனது. பழைய 360-க்கு வெளி எடை வேண்டும், கம்பெனி அந்த எடையைக் கன்வர்ட்டரின் மேலேயே வெல்டிங் செய்திருந்தது. உங்கள் 318-இன் கன்வர்ட்டரில் அது இருக்காது. அதற்கு ஈடான எடையோடு தனி ஃப்ளெக்ஸ்பிளேட் விற்கிறார்கள், அதை வாங்கினால் பழைய கன்வர்ட்டர் போதும். 1990களின் மேக்னம் 360-க்கு எடை அளவு வேறு. அதற்கென்று உள்ள தகட்டைத்தான் வாங்க வேண்டும்.

4. மெஷின் ஷாப்பில் கொடுக்கும்போது

எஞ்சினைப் பிரித்துக் கட்டுகிறீர்கள், பிஸ்டனோ ராடோ கிராங்கோ மாறுகிறது என்றால் பேலன்ஸ் செய்தே ஆக வேண்டும். புதுப் பிஸ்டன் பழையதைவிட ஐம்பது கிராம் குறைந்தாலே பழைய கணக்கு செல்லாது.

கொண்டுபோக வேண்டியவை: கிராங்க், எட்டு ராட், எட்டு பிஸ்டன், பின்கள், லாக்குகள், ஒரு செட் ரிங், ராட் பேரிங், முன் டேம்பர், ஃப்ளெக்ஸ்பிளேட். இதில் ஒன்று குறைந்தாலும் வேலை தொடங்காது. குறிப்பாக வெளி எடை உள்ள எஞ்சினுக்கு டேம்பரும் தகடும் இல்லாமல் கிராங்கை மட்டும் கொடுத்தால் பயனில்லை, அவையும் மாட்டித்தான் கிராங்கைச் சுற்றுவார்கள். எல்லாம் கைக்கு வந்த பிறகே நாள் கேளுங்கள். ஷெவ்ரலே என்றால் கன்வர்ட்டரைக் கொண்டுபோகத் தேவையில்லை.

அங்கே என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் ஏமாற மாட்டீர்கள். எட்டுப் பிஸ்டனையும் ராடையும் எடைபோட்டு, கூடுதலாக இருப்பதைச் சுரண்டி எல்லாவற்றையும் சமமாக்குவார்கள். ராடின் பெரிய முனையையும் சின்ன முனையையும் தனித்தனியாக எடைபோடுவார்கள். அப்புறம் கிராங்கின் ஒவ்வொரு ராட் ஜர்னலிலும் (ராட் மாட்டும் இடம்) மாட்ட ஒரு போலி எடை தயாராகும், பாப்வெயிட் என்பார்கள். 90 டிகிரி வி8-க்கு அந்தக் கணக்கு: சுழலும் பாகங்களின் முழு எடை, மேலும் கீழும் போகும் பாகங்களின் பாதி எடை, ஒட்டியிருக்கும் ஆயிலுக்குச் சில கிராம். இதைக் கட்டிக் கிராங்கைச் சுற்றினால் எந்தப் பக்கம் எத்தனை கிராம் கனம் என்று மெஷின் காட்டும். கனமான பக்கத்தில் எதிர் எடையில் துளை போட்டுக் குறைப்பார்கள்.

கிராங்க் லேசாக இருந்தால்தான் செலவு எகிறும். துளை போட்டு அதில் டங்ஸ்டன் கலவை உருளையை அடித்து இறக்க வேண்டும். இரும்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அடர்த்தி, விலையும் அப்படி. 400 கிராங்கை முழுக்க உள்ளேயே பேலன்ஸ் செய்யச் சொன்னால் பொதுவாக இது வரும். தெருவில் ஓட்டும் வண்டிக்கு அதற்கான எடையுள்ள டேம்பரும் தகடும் போட்டாலே போதும், வீண் செலவு வேண்டாம் என்பது என் கருத்து.

சாதாரண பேலன்ஸிங்குக்கு 250 முதல் 400 டாலர் கேட்டார்கள். உருளைகளுக்குத் தனிக் கணக்கு, "எத்தனை உருளை வந்தாலும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும்" என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். நேரம் கடைக்குக் கடை மாறும். வசந்தகாலம் வந்தால் எல்லோரும் வண்டியைத் தூசி தட்டுவார்கள், வாரக்கணக்கில் வரிசை நிற்கும். குளிர்காலத் தொடக்கத்தில் கொடுத்துவிடுங்கள்.

எஞ்சினைப் பிரிக்காமல் தகட்டை மட்டும் மாற்ற வேண்டுமானால்

எஞ்சின் ஏற்கெனவே பேலன்ஸ் ஆகி நன்றாக ஓடுகிறது, தகட்டின் பல் உடைந்துவிட்டது அல்லது வேறு அளவு வேண்டும் என்றால் கிராங்கை வெளியே எடுக்க வேண்டாம். பழைய தகட்டையும் புதியதையும் கொண்டுபோய் ஒன்றுபோல் பேலன்ஸ் செய்யச் சொல்லுங்கள். பழையதைச் சுற்றி எந்த இடத்தில் எவ்வளவு கனம் என்று அளந்து, புதியதிலும் அதே இடத்தில் அதே அளவைக் கொண்டுவருவார்கள். மேனுவல் கியரிலிருந்து ஆட்டோமேடிக்குக்கு மாறுபவர்களும் பழைய ஃப்ளைவீலை (மேனுவலில் இந்தத் தகட்டுக்குப் பதில் இருக்கும் கனமான சக்கரம்) மாதிரியாகக் கொடுத்து இதைச் செய்யலாம். பழையதைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தால் யாராலும் உதவ முடியாது.

5. காகிதங்கள்

எஞ்சின் வாங்கிய ரசீதில் பிளாக் எண், சீல் வகை, பேலன்ஸ் வகை மூன்றும் இருக்க வேண்டும். மெஷின் ஷாப்பிலிருந்து பேலன்ஸ் அட்டை கேட்டு வாங்குங்கள். பாப்வெயிட் எத்தனை கிராம், எந்த டேம்பர், எந்தத் தகடு வைத்துச் செய்தார்கள் என்பது அதில் இருக்கும். ஐந்து வருடம் கழித்து ஒரே ஒரு பிஸ்டன் மாற்ற வேண்டிவந்தால் அந்த அட்டை பெரிய பணத்தை மிச்சப்படுத்தும்.

கட்டித் தயாரான எஞ்சின் வாங்கினால் பழைய எஞ்சினைத் திருப்பிக் கொடுப்பதற்காக ஒரு முன்பணம் பிடிப்பார்கள். எத்தனை நாளுக்குள், எந்த நிலையில் கொடுக்க வேண்டும் என்று படியுங்கள். பிளாக்கில் விரிசல் இருந்தால் முழுப் பணம் வராது. திருப்பிக் கொடுக்கும் முன் பழைய டேம்பரையும் தகட்டையும் கழற்றி வைத்துக்கொள்ளலாமா என்றும் கேளுங்கள்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் எஞ்சின் வாங்கும் முன்பே புகைச் சோதனை விதியைப் பார்க்க வேண்டும். 1975-ம் அதற்கு முந்தைய மாடலும் என்றால் சோதனை இல்லை. 1976 முதல், போடும் எஞ்சின் வண்டியின் ஆண்டையோ அதற்குப் பிந்தைய ஆண்டையோ சேர்ந்ததாக, அதற்குரிய புகைக்கட்டுப்பாட்டுச் சாமான்கள் எல்லாவற்றோடும் இருக்க வேண்டும், புகைச் சோதனை நடுவரான ரெஃப்ரீயிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டும். மற்ற மாநிலங்களில் விதி மாநிலத்துக்கு மாநிலம், சில இடங்களில் கவுண்டிக்குக் கவுண்டி மாறும்.

6. மாட்டுவது

பிளாக்கின் பின்பக்கம் இரண்டு டவல் பின்கள் (நீட்டிக்கொண்டிருக்கும் குட்டை இரும்பு முளைகள்) இருக்கின்றனவா என்று பாருங்கள். அவைதான் கியர்பாக்ஸை நேராக நிறுத்துபவை. ஒன்று இல்லாவிட்டாலும் கன்வர்ட்டர் மையம் விலகி, பேலன்ஸ் கோளாறு போலவே அதிர்வு வரும், கியர்பாக்ஸின் முன்பக்க ஆயில் பம்ப் சீலும் சீக்கிரம் கசியும்.

எடையுள்ள தகடு கிராங்கில் ஒரு நிலையில்தான் உட்கார வேண்டும். எல்லாத் துளையும் இழுபடாமல் நேராகச் சேரும் நிலையைக் கண்டுபிடித்து மாட்டுங்கள். ஒரு துளை சற்றே தள்ளி நின்றால் போல்ட்டால் இழுக்காமல் தகட்டைச் சுற்றிப் பாருங்கள். போல்ட்டுகள் ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கானவையாக இருக்க வேண்டும், ஃப்ளைவீல் போல்ட் நீளம் வேறு. இரண்டு துண்டு சீல் எஞ்சினுக்கு 60 அடி-பவுண்டு இறுக்கம்.

கன்வர்ட்டரில் ஒரு குவார்ட் ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் ஆயில் (எஞ்சின் ஆயில் அல்ல) ஊற்றி, கியர்பாக்ஸில் செருகித் திருப்பிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். ஒவ்வொரு பல்லாகப் பிடித்து, 'டொக்' என்று படிப்படியாக உள்ளே போகும். கடைசியாக பம்பின் பள்ளத்தில் விழ வேண்டும். விழாமல் கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்த்து போல்ட்டை இறுக்கினால் பம்ப் உடையும். ஹவுசிங் போல்ட்டுகளைக் கையால் திருகும்போதே இரண்டு முகமும் ஒட்ட வேண்டும். ஸ்பேனர் போட்டு இழுத்தால்தான் சேருகிறது என்றால் நிறுத்துங்கள்.

ஹவுசிங் ஒட்டிய பிறகு, கன்வர்ட்டர் கையால் சுழல வேண்டும். அதை முழுக்கப் பின்னால் தள்ளி, அதற்கும் தகட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியை அளங்கள். ⅛ அங்குலம் இருந்தால் அருமை. 1/16-க்குக் குறைந்தால் பம்ப் அழுத்தப்படும். 3/16-க்கு மேல் போனால் மூன்று போல்ட்டிலும் ஒரே தடிமன் வாஷர் போட வேண்டும். கன்வர்ட்டர் போல்ட் நீளமாக இருந்தால் கன்வர்ட்டரின் முகத்தை உள்ளே நெளித்துவிடும், அதனால் பழைய போல்ட்டின் நீளத்தையே வாங்குங்கள்.

7. முதல் ஸ்டார்ட்டும் அதிர்வுச் சோதனையும்

வண்டியை நகர்த்தாமல், நியூட்ரலில் மெதுவாக 2500 சுற்று வரை ஏற்றுங்கள். நிற்கும்போதே அதிர்ந்து, சுற்று ஏற ஏற அதிகமானால் கோளாறு எஞ்சினிலோ தகட்டிலோ கன்வர்ட்டரிலோ இருக்கிறது. ஓடும்போது மட்டும், வேகத்தைப் பொறுத்து வந்தால் டயரையும் பின் ஷாஃப்ட்டையும் பாருங்கள், எஞ்சினைத் தொடாதீர்கள். அதிர்வோடு ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். தகட்டில் விரிசல் விழும், பம்ப் புஷ் தேயும், மெயின் பேரிங்குகள் அடிபடும்.

நிற்கும்போதே அதிர்ந்தால் முதலில் பெல்ட்டுகளைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். அதிர்வு நின்றுவிட்டால் ஃபேனோ ஆல்டர்னேட்டரோதான் காரணம். நிற்கவில்லை என்றால் எஞ்சினை அணைத்து, பேட்டரி வயரைக் கழற்றி, கீழே மூடியைத் திறந்து கன்வர்ட்டரின் மூன்று போல்ட்டையும் எடுத்து, கன்வர்ட்டரைத் தகட்டைத் தொடாதபடி பின்னால் தள்ளுங்கள். மறுபடி வயரை மாட்டிச் சற்று நேரம் மட்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். அதிர்வு அப்படியே இருந்தால் எஞ்சின் பக்கம்: டேம்பர், தகடு, கிராங்க் மூன்றும் ஒரே வகையா என்று முதல் படியிலிருந்து சரிபாருங்கள். அதிர்வு போய்விட்டால் கன்வர்ட்டர் பக்கம்: முன்பிருந்த இடத்திலிருந்து ஒரு துளை தள்ளி, 120 டிகிரி திருப்பி மாட்டிப் பாருங்கள். மூன்று நிலையிலும் எது குறைவோ அதில் வைக்கலாம். மூன்றிலும் அடங்கவில்லை என்றால் கன்வர்ட்டரைத் தனியாகக் கழற்றி, கன்வர்ட்டர் வேலை செய்யும் பட்டறையில் பேலன்ஸ் செய்யக் கொடுங்கள்.